சிவப்புத் தொட்டிலின் கடையாணி

எதையும் எடுத்த இடத்திலேயே திருப்பி வைப்பது என் பழக்கம். என் கண்ணைக் கட்டிவிட்டாலும் கருவிப் பெட்டியிலிருந்து கேட்ட ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பேன். முப்பது வருடமாகப் பொருட்காட்சிகளில் ராட்டினம் பூட்டுகிறவன் வேறு எப்படி இருப்பான், ஐயா?

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புது மைதானத்தில் ராட்டினத்தைப் பூட்டியவன் எவனோ, அவன் வீட்டு ஆள்தான் முதலில் சிவப்புத் தொட்டிலில் ஏற வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் ஜனங்களுக்குத் தைரியம் வரும். என் மனைவி இருந்தவரை அவள் ஏறினாள். ஒரு கீறல் பட்டதில்லை.

இந்தத் தடவை பூட்டியது என் தம்பி. "உனக்கு வயசாயிடுச்சுப்பா, இனிமே அவனே பூட்டட்டும். நீ லிவரைப் பிடிச்சா போதும்" என்று முதலாளி எல்லார் முன்னாலும் சொன்னார். தம்பி தலையைக் குனிந்துகொண்டான், வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைப்பானேன்?

தொட்டிலைத் தாங்கும் தண்டு நழுவாமல் பிடித்திருப்பது விரல் நீளக் கடையாணி ஒன்று. அது இல்லாவிட்டால் தண்டு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகர்ந்து ஐந்தாவது சுற்றில் கழன்றுவிடும். தம்பி சாப்பிட்டுவிட்டு வந்தபோது சிவப்புத் தொட்டிலில் அது இல்லை.

அவன் மனைவி ஏறி உட்கார்ந்தாள். "மாமா, நீங்களும் வாங்களேன், ஒரு சுத்து" என்றாள்.

"கீழ ஒருத்தன் நின்னு பாக்கணும்லம்மா" என்றேன். கதவுக் கொக்கியை நானே மாட்டி, இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன். வேலையில் நான் அப்படித்தான்.

நான்காவது சுற்றில் நிறுத்தி, "பாருங்க உங்க புது ஆளோட லட்சணத்தை" என்று முதலாளியிடம் காட்டுவதுதான் என் எண்ணம். சத்தியமாக அவ்வளவுதான். ஆனால் அந்த நேரம் பார்த்து அவர் தம்பியின் தோளில் கையைப் போட்டார். அவன் சிரித்தான். லிவர் என் கையில்தான் இருந்தது. இன்னும் ஒரு சுற்று சுற்றட்டும் என்று விட்டுவிட்டேன்.

"என் கையாலயே அவளைக் கொன்னுட்டேனே அண்ணே" என்று தம்பி இன்றைக்கும் அழுகிறான். ஆணியைத் தான்தான் மறந்துவிட்டதாக நம்புகிறான். நான்தான் அவனுக்கு ஊட்டிவிடுகிறேன், தூங்கவைக்கிறேன். அண்ணன் என்று எதற்கு இருக்கிறேன்?

நான் இங்கே வந்தது வேறு காரணத்துக்காக. உங்கள் விபத்து விசாரணை அறிக்கையில், "மூத்தவரும் கவனிக்கத் தவறினார்" என்று எழுதியிருக்கிறீர்கள். முதலாளியும், "விடுப்பா, யானைக்கும் அடி சறுக்கும்" என்று தேற்றுகிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எனக்கு அடி சறுக்கவில்லை, ஐயா. அந்த வரியை அடித்துவிடுங்கள். ஆணியை நான் கவனித்துத்தான் கழற்றினேன். துடைத்து, எண்ணெய் போட்டு, பெட்டியில் அதன் இடத்திலேயே வைத்திருக்கிறேன்.