அஞ்சடி ஆளுக்கு ஒரு விமானம்

— காலை நீட்டு, ஜெயக்கொடி. இன்னும் கொஞ்சம்... பெடல்ல பாதம் முழுசாப் படணும். பெருவிரல் மட்டும் இல்ல.

— படுதுய்யா. இதுக்கு மேல நீட்டுனா காலு மட்டும் தெருவுல போயி நிக்கும்.

— அப்படியே இரு, ஆடாத. இந்தா, டேப்பப் பிடி. சீட்டு முனையில இருந்து பெடலு வரைக்கும் எம்புட்டுன்னு பாத்துச் சொல்லு.

— உக்காந்துருக்குறவ குனிஞ்சு பாக்கணுமாக்கும். நீ சும்மா நின்னுக்கிட்டுத்தான இருக்க.

— கையெல்லாம் பெயிண்டு. டேப்பு பாழாப் போயிரும்.

— காலையில கிரீசுன்ன. நேத்து துருன்ன. பட்டறையில ஒன் கை சுத்தமா இருந்த நாளு எதுய்யா?

— வெல்டிங்காரனக் கட்டிக்கிட்டு வந்தவ கேக்குற கேள்வியப் பாரு. சொல்லு புள்ள.

— இருபத்திரெண்டரை.

— பலகையில எழுதி வையி. சாக்பீசு அங்கிட்டுக் கெடக்கு. பெருசா எழுது.

— எம்புட்டுப் பெருசா? செவுத்துல கச்சிக்காரன் எழுதுற மாதிரியா?

— எழுதுன்னா எழுது. அடுத்து, கைய ரெண்டு பக்கமும் வையி. வலது கைக்குக் குச்சி, இடது கைக்கு லிவரு. எட்டுதா?

— எட்டுது. என்னய்யா பண்டம் இது... மேசையும் இல்ல, கட்டிலும் இல்ல. ஆட்டோவ நடுவுல வெட்டிப் போட்ட மாதிரி இருக்கு.

— விமானத்தோட மூக்கு. பைலட்டு உக்கார்ற எடம். போன மாசம் சித்தார்த் தம்பிக்குச் செஞ்சு குடுத்தோம்ல, அதே படந்தான். முன்னால டிவி, அடியில கம்ப்யூட்டரு. இதுல உக்காந்துக்கிட்டு விமானம் ஓட்டி விளையாடுவாங்க.

— அது எனக்குத் தெரியாதா? அந்தத் தம்பிக்குப் பத்த வைக்கும்போது பைப்பப் பிடிச்சதே நாந்தான். இது யாருக்குன்னு கேக்குறேன்.

— சொன்னேன்ல. தம்பியோட கூட்டாளிக்கு.

— பேரு?

— பேரு... சூரியபிரகாஷ்.

— ஒரு பேரச் சொல்ல இம்புட்டு நேரமா?

— வாயில ஸ்க்ரூ வச்சிருந்தேன்.

— எந்தப் பக்கம் ஆளு?

— காளவாசல்.

— உயரம்?

— ஒன் உயரம். அதனாலதான ஒன்ன உக்கார வச்சு அளவெடுக்குறேன்.

— ஆம்பளைக்கு அஞ்சடியா?

— ஏன், அஞ்சடியில இருந்தா விளையாடக் கூடாதா?

— விளையாடட்டும், பாவம். நான் என்ன சொன்னேன்.

— ஒன் போன் அடிக்குது.

— தாமரைதான். அடிக்கட்டும்.

— எடுத்துப் பேசு. புள்ள சிங்கப்பூர்ல இருந்து கூப்புடுது.

— பேசுனா ஒரே கேள்வி. எப்பம்மா வார, எப்பம்மா வார... சிங்கப்பூரு என்ன திருமங்கலமா, பஸ்ஸப் பிடிச்சு எறங்க?

— மொதப் பிரசவம். நம்ம வீட்டுல நடக்க வேண்டியது. எட்டாம் மாசத்துல பறக்க வேணாம்னு டாக்டரு சொல்லிட்டாரு. அங்க மாமியாரும் இல்ல. மருமகன் வேலைக்குப் போயிட்டா புள்ள தனியாக் கெடக்கும். நீ போகலேன்னா யாரு போவா?

— பிளேனுன்னா எனக்குப் பயம். நூறு தடவ சொல்லியாச்சு. கழுத்த வெட்டுனாலும் ஏற மாட்டேன்.

— வில்லாபுரத்துல இருபது வருசமாக் குடியிருக்க. தெனமும் பிளேனு தலைக்கு மேலதான எறங்குது.

— எறங்குறவன் எறங்குறான். எனக்கென்ன, நான் தரையில இருக்கேன்.

— அழகர்கோயில் போற பஸ்ஸுலயே வாந்தி எடுத்தவ நீ.

— அப்புறம் என்ன. தெரிஞ்சுக்கிட்டே கேக்குற.

— சரி, விடு. பெல்ட்டப் போடு.

— விளையாட்டுக்கு எதுக்குய்யா பெல்ட்டு?

— அவரு கேட்டாரு.

— சித்தார்த் தம்பி கேக்கலியே.

— ஒவ்வொருத்தருக்கு ஒரு ஆச. இந்தத் தகட்ட அதுல செருகு. அம்புட்டுத்தான். கழட்டும்போது அமுக்கக் கூடாது, மூடியத் தூக்கணும். விமானத்துல அப்படித்தானாம்.

— இத எங்க பிடிச்ச?

— வாரு மட்டும் பழைய கார்ல இருந்து எடுத்தது. பூட்டு நானே செஞ்சேன்.

— மாட்டிருச்சு... வயித்துக்குச் சரியா இருக்கு. முதுகுலகூட ஏதோ மெத்துன்னு...

— ஸ்பாஞ்சு. மிச்சம் கெடந்துச்சு.

— எனக்கு வலிக்கிற எடத்துல சரியா வந்து மிச்சம் கெடந்துச்சாக்கும்.

— இடுப்புன்னா எல்லாருக்கும் ஒரே எடத்துலதான இருக்கும்.

— ரெண்டாவது கரு கலைஞ்சதுல இருந்து இடது பக்கத்துலதான் எனக்கு வலி. காளவாசல்காரருக்கும் இடது பக்கந்தானா? சூரியபிரகாஷ்னு யாரும் இல்லல்ல.

— இல்ல.

— மூணு ஞாயித்துக்கெழமையா கறி எடுக்கக்கூடப் போகாம இதத்தான் செஞ்சியா?

— மிச்சம் கெடந்த பைப்புதான். கம்ப்யூட்டரு சித்தார்த் தம்பியோட பழசு. நம்ம தாமரைகிட்டயும் கேட்டேன். அம்மாவுக்கு ஏறும்போதும் எறங்கும்போதும் கூட ஒரு ஆளு இருந்தாப் போதும்ப்பா, நடுவுல தூங்கிரும்னு சொல்லுச்சு. சரி, இங்கயே நாலு தடவ ஏறி எறங்குனாப் பழகிரும்னு...

— இதச் சொல்லிட்டுச் செய்ய வேண்டியதுதான.

— சொன்னா உக்காருவியா?

— மாட்டேன்.

— அதுக்குத்தான் சொல்லல. வெல்டிங் பொறி பறக்குறதப் பாத்து மொத நாளு ரோடு வரைக்கும் ஓடுனவ நீ. ஒரே வாரத்துல நீதான ராடு எடுத்துக் குடுத்த.

— கிறுக்கன்யா நீ... சரி, போடு. பாப்போம்.

— போட்டாச்சு. முன்னாடி தெரியுது பாரு, நம்ம மதுரை ஏர்போர்ட்டுதான்.

— நம்ம ஏர்போர்ட்டா? சுத்தி ஒரு கருவேல முள்ளக்கூடக் காணோம்.

— விளையாட்டு செஞ்சவன் நம்ம ஊருக்கு வந்தா பாத்தான். லிவரத் தள்ளு. மெதுவா... மெதுவா...

— ஓடுதுய்யா. இது என்ன, சீட்டெல்லாம் நடுங்குது?

— அடியில பழைய மோட்டாரு ஒண்ணு வச்சிருக்கேன். தரையில ஓடும்போது நெசமாவே இப்படித்தான் நடுங்குமாம். பயமா இருந்தா என் கையப் பிடிச்சுக்க.

— ரெண்டு கைக்கும் வேலையக் குடுத்துட்டு எந்தக் கையால பிடிக்கச் சொல்ற?

— இப்பக் குச்சிய ஒன் பக்கமா இழு. லேசா.

— தூக்கிருச்சு...

— கண்ண மூடாத.

— யாரு மூடுனா? கம்மா தெரியுது. தண்ணி நீலமாக் கெடக்கு. நம்ம கம்மாயில என்னைக்குய்யா நீலத் தண்ணி கெடந்துச்சு?

— வயித்தப் பெரட்டுதா?

— இல்ல.

— நெஞ்சு படபடன்னு வருதா?

— இல்லய்யா. இன்னும் மேல போகவா?

— ஜெயக்கொடி... சிரிச்சுக்கிட்டே ஓட்டுற. ஒனக்குப் பயமே இல்லியே.

— ஏறுறதுக்கு இல்ல. எறங்கத்தான் பயம்.

— அதையும் பழகிருவோம். தம்பி எனக்குப் படிப்படியாச் சொல்லிக் குடுத்துருக்கு. எல்லாம் மனப்பாடம்.

— ஓரத்துல ஒரு எண்ணு மாறிக்கிட்டே இருக்கே, அது என்னது?

— உயரம். எத்தனை அடின்னு.

— எத்தனை?

— நீதான முன்னால உக்காந்துருக்க.

— நான் ஓட்டுறேன்ல. நீ படி.

— கையில பெயிண்டு...

— படிக்கிறதுக்குக் கை எதுக்குய்யா?

— ...ஆயிரத்துச் சொச்சம்.

— சொச்சம் எம்புட்டு? ஒன் உள்ளங்கை அகலத்துக்குப் போட்டிருக்கான்.

— வெளிச்சம் அடிக்குது புள்ள.

— ஜன்னலெல்லாம் சாத்தித்தான் கெடக்கு. கிட்ட வா. வந்து படி.

— வந்தாலும் தெரியாது... ஒனக்கு எப்ப இருந்து தெரியும்?

— தை மாசம். பாண்டிச்செல்வி வீட்டு இரும்புக் கேட்டப் பத்த வச்சிட்டு, கட்டவிரலால தடவிப் பாத்த. எட்ட நின்னு ஒத்தக் கண்ணால பாத்து ரெண்டு நூலளவு கோணல்னு சொல்ற ஆளு நீ. தடவிப் பாக்குற ஆளா? அன்னையில இருந்துதான் ஒன் கையில ஒரு நாளைக்குப் பெயிண்டு, ஒரு நாளைக்குக் கிரீசு.

— புகைக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு. ரெண்டு கண்ணுலயும். ஆஸ்பத்திரிக்குப் போனா இனிமே பத்த வைக்காதன்னு சொல்லிட்டா... பத்து வயசுல சுத்தியலத் தொட்டவன். வேற எனக்கு என்ன தெரியும்? தாமரைகிட்டச் சொல்லிராத. வயித்துப் புள்ளைக்காரி, கெடந்து தவிக்கும்.

— சொல்லல. ஒன்கிட்டயே இம்புட்டு நாளா சொல்லலியே.

— இந்தச் சீட்டுல தப்பு எதுவும் இருக்கா?

— லிவருப் பலகை இடது பக்கம் சரிஞ்சிருக்கு. அப்புறம் பெல்ட்டுப் பூட்டுல பிசிரு. மாட்டும்போது விரல்ல ஏறிருச்சு.

— ரத்தம் வந்துச்சா? சொல்லவே இல்ல.

— லேசாத்தான். அத விடு. மேல சுத்திக்கிட்டே இருக்கு, எப்படி எறக்குறது?

— எண்ண நீ சொல்லு. என்ன செய்யணும்னு நான் சொல்றேன்.

— ஆயிரத்து ஐநூறு.

— லிவரக் கொற. பாதி. மூக்கக் கீழ விடு, ஓடுதளம் நேரா இருக்கா?

— கொஞ்சம் வலது பக்கமாக் கெடக்கு.

— குச்சிய வலது பக்கம் சாயி. ரொம்ப வேணாம்.

— நேரா வந்துருச்சு. ஆயிரம்... எண்ணூறு.

— அப்படியே விடு. மதுரைத் தரையே கடலுக்கு மேல நானூத்தி அறுபது அடி உயரமாம். அந்த எண்ணு வந்தா நம்ம தரைக்கு வந்துட்டோம்.

— அறுநூறு. ஓடுதளம் அகலமாகிக்கிட்டே வருதுய்யா.

— வரட்டும். அடுத்து?

— ஐநூறு.

— மூக்க லேசாத் தூக்கு. லிவர முழுசா இழுத்துரு.

— நானூத்தி எழுபது... அறுபத்தஞ்சு... அறுபது.

— சீட்டு நடுங்குதா?

— நடுங்குது. ஓடுது... நின்னுருச்சு.

— எறக்கிட்ட. மொதத் தடவையிலயே எறக்கிட்ட. நான் மூணு தடவ கருவேலங் காட்டுக்குள்ள விட்டேன்.

— அங்கதான் முள்ளே இல்லியே.

— இருந்தா குத்தியிருக்கும்ல... சரி புள்ள, இப்பச் சொல்லு. ஏறிட்ட, எறங்கிட்ட. இனிமே எதுக்குப் பயப்படப் போற? தாமரைய டிக்கெட்டுப் போடச் சொல்லவா?

— பிளேனுக்கு நான் என்னைக்குய்யா பயந்தேன்? நான் போயிட்டா ஒனக்கு டேப்ப யாரு படிச்சுச் சொல்லுவா, ராடு நுனி எங்க படுதுன்னு யாரு சொல்லுவா... கைய வேக வச்சுக்கிட்டு ஒத்தையில கெடப்பியேன்னுதான் பயம். எனக்குத் தெரியும்கிறது ஒனக்குத் தெரியக் கூடாது, அதனால பிளேன் மேல பழியப் போட்டேன். போன வெள்ளிக்கெழம பூ வாங்க மாட்டுத்தாவணிக்குப் போயிட்டு வெறுங்கையோட வந்தேன்ல, நான் பூவுக்குப் போகல, கண்ணாஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணுல பொரை விழுந்திருந்தா எடுத்துட்டு, ஒரு மாசங்கழிச்சு வேல பாக்கலாம்னு சொன்னாங்க. பத்த வைக்கலாமான்னும் கேட்டேன், கண்ணாடி போட்டுக்கிட்டுப் பத்த வைக்கலாமாம். நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு ஒன்னக் கூட்டிக்கிட்டு வரச் சொல்லியிருக்காங்க. டிக்கெட்டு ஒன் கட்டுப் பிரிச்ச பெறகு போட்டுக்கலாம், அதுக்குள்ள ஒண்ணும் பொறந்துறாது... இந்தா, இந்தப் பூட்டத் தூக்கி விடு, பிசிரு இருக்கு, பாத்து.