பதினொரு மணிப் பாடம்

எங்கள் கட்டடத்துச் சுவர்கள் கொஞ்சம் தடிமனானவை, மிலேவா. அந்தக் காலத்துக் கான்கிரீட் பலகைகள், உள்ளே இரும்புக் கம்பி. ஒரு ஆணி அடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதனால் இணையம் விட்டுவிட்டு வருகிறது என்று நான் உங்களிடம் சொன்னது முழுப் பொய் இல்லை. முதல் இரண்டு வாரம் அது உண்மைதான். காபி ஆறிவிடும், குடியுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் வர்னாவிலிருந்து பஸ் ஏறி ரூசேவுக்கு வந்துவிட்டீர்கள், ஜாடிகளையும் பார்த்துவிட்டீர்கள். இனி அவசரப்பட ஒன்றும் இல்லை.

உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன், அப்போதுதான் எனக்கு வரிசையாக வரும். போன நவம்பரில் என் கணவர் வெனெலினுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போயின. காது, புத்தி, பசி எல்லாம் அப்படியே இருந்தன. பிப்ரவரியில் நீங்கள் திரையில் வந்து பேச்சுப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தீர்கள். திங்கள், புதன், வெள்ளி, காலை பதினொரு மணி. படம் நின்று நின்று வந்தது. இணைப்புக்காரரான ஸ்த்ராவ்கோவைக் கூப்பிட்டேன்.

"ஏன் அத்தை, ரூட்டரைக் கொண்டுபோய்ச் செருப்பு அலமாரிக்குள்ள வெச்சா அது என்ன பண்ணும் பாவம்?" என்று சிரித்தார். நல்ல மனிதர், பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். உயரத்தில், திறந்த இடத்தில் வைக்க வேண்டும். பின்னால் கண்ணாடி கூடாது. பக்கத்தில் மைக்ரோவேவ் கூடாது. "தண்ணி இருக்கிற எதுவும் குறுக்க வரக்கூடாது அத்தை. மீன்தொட்டி இல்லையே? நல்லது. தண்ணி சிக்னலைக் குடிச்சிரும்."

எல்லாவற்றையும் ஊறுகாய்க் குறிப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். ரூட்டர் படுக்கையறை அலமாரியின் உச்சிக்குப் போனது. அன்றிலிருந்து உங்கள் இமை மயிரை எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. அந்த வாரம்தான் நீங்கள் சொன்னீர்கள், முதல் வருஷம்தான் முக்கியம், அதற்குள் வராத வார்த்தை பிறகு வருவது கஷ்டம் என்று. அதையும் ஸ்த்ராவ்கோ சொன்னதற்குக் கீழே எழுதிவைத்தேன்.

மார்ச் கடைசியில் ஒரு ஞாயிறு, பீன்ஸ் சூப் வைத்திருந்தேன். வெனெலின் ஒரு வாய் குடித்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தார். உதடு தவித்தது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "உ... உப்பு" என்றார்.

நாலு மாதத்தில் முதல் வார்த்தை. நான் அழுதேன். உங்களுக்குப் போன் செய்தேன், நீங்களும் அழுதீர்கள். மாடிப்படியில் பக்கத்து வீட்டு சோன்கா சொன்னாள், "ஏன்டி, நாப்பத்தோரு வருஷமா அதைத்தானே சொல்லிக்கிட்டிருந்தாரு? விட்ட எடத்துலேருந்து ஆரம்பிச்சிருக்காரு." நானும் சிரித்தேன்.

அடுத்த வாரம் "கதவு" வந்தது. அப்புறம் இரண்டு வார்த்தை சேர்ந்தே வந்தது. நீங்கள் திரையில் கைதட்டினீர்கள். "இப்படி இல்ல" என்றார். நீங்கள் காட்டிய படத்தைப் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்தீர்கள். நான் அப்போது அவர் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தேன். அவர் என் கையைத்தான் பார்த்தார்.

முப்பத்துநாலு வருஷம் ரயில்வேயில் பரிசோதகர். என்மேல் ஒரு நாளும் கை வைத்ததில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். திருத்துவார், அவ்வளவுதான். நான் கத்தி பிடிப்பது, விருந்தாளிகள் முன்னால் சிரிப்பது, எல்லாம். என் அம்மாவின் சவ அடக்கத்தில் காதருகே குனிந்தார், ஆறுதல் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். தலைத்துணியைத் தப்பாகக் கட்டியிருக்கிறேன் என்றார். நவம்பருக்குப் பிறகு நாலு மாதம் நாங்கள் நன்றாக இருந்தோம். செய்தித்தாளை வாசித்துக் காட்டுவேன். தப்பும் தவறுமாகத்தான் வாசிப்பேன். கேட்டுக்கொண்டிருப்பார்.

"இப்படி இல்ல" வந்த மறுநாள் நோட்டை எடுத்தேன். இணைப்பைத் துண்டிக்கவில்லை. அது அநியாயம். ஸ்த்ராவ்கோ செய்யக்கூடாது என்றதை ஒவ்வொன்றாகச் செய்தேன். ரூட்டர் சமையலறைக்கு வந்தது, மைக்ரோவேவ் பக்கத்தில். பதினொரு மணிக்குப் பால் சுடவைப்பேன், ஆறவிட்டு மறுபடி சுடவைப்பேன். அது போதாதபோது நிலவறையிலிருந்து வெள்ளரி, முட்டைக்கோஸ் ஊறுகாய் ஜாடிகளைக் கொண்டுவந்து ரூட்டரைச் சுற்றி அடுக்கினேன். ஜாடி முழுக்கத் தண்ணீர்தானே.

திரையில் நீங்கள் 'ஆ' என்று வாய் திறந்தபடி நின்றுபோவீர்கள். அவரும் வாயைத் திறந்தபடி காத்திருப்பார். ஒழுங்கான மாணவர். ஒரு தடவை ஏழு நிமிஷம். கைக்குட்டையால் மோவாயைத் துடைத்துவிட்டு, "வரும், வரும்" என்பேன்.

ஸ்த்ராவ்கோ வருகிற நாளில் எல்லாம் பழைய இடத்துக்குப் போய்விடும். "நான் வந்தா ஓடுது, நான் போனா நிக்குது. பேசாம என்னை இங்கயே குடிவெச்சுக்கங்க அத்தை" என்பார். நீங்கள் வற்புறுத்தியதால் கேபிள் இழுத்தார். கேபிளின் முனையில் சின்ன பிளாஸ்டிக் நாக்கு ஒன்று உண்டு. அது ஒடிந்தால் பிடிப்பு இல்லாமல் கழன்றுவிடும். "மூணாவது தடவையா நாக்கு ஒடிஞ்சிருக்கு. பூனை கீனை வளக்குறீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்புறம் அவருக்கும் அலுத்துவிட்டது.

ஜூனில் ஒரு நாள் சந்தையிலிருந்து வந்தபோது வெனெலின் சமையலறையில் சுவரைப் பிடித்தபடி நின்றார். இடது கையால் மூன்று ஜாடிகளைத் தரையில் இறக்கியிருந்தார். சட்டை நனைந்திருந்தது. கைக்கு நல்ல பயிற்சி என்று பாராட்டினேன். கூட்டிப்போய் உட்காரவைத்து வியர்வையைத் துடைத்துவிட்டு, மூன்றையும் திரும்ப வைத்தேன். அதன்பிறகு அவர் சமையலறைப் பக்கம் வரவில்லை. கோடை முடிவதற்குள் உப்பும் கதவும் மற்றதும் அவரை விட்டுப் போய்விட்டன.

பக்கவாதம் வந்து அடுத்த வாரம் ஒரு வருஷம் ஆகிறது. பாடம் ஒழுங்காக நடந்திருந்தால் இந்நேரம் சின்னச் சின்ன வாக்கியம் பேசியிருப்பார் என்கிறீர்கள். பேசியிருப்பார். செய்தது நான்தான். ஸ்த்ராவ்கோவைக் குறை சொல்லாதீர்கள். ஆனால் வெனெலினைக் கேட்காமல் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். செப்டம்பரில் அவர் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து தெளிவாகவே கேட்டேன். "வெனெலின், இந்தப் பாடமெல்லாம் நமக்கு எதுக்கு? நிறுத்தறதுல உனக்கு இஷ்டமில்லன்னா இப்பவே சொல்லிடு, இந்த ஜாடி எல்லாத்தையும் எடுத்துடறேன்." கால் மணி நேரம் காத்திருந்தேன். கண்ணில் நீர் வந்தது, இந்த வயதில் வருவதுதான். அவர் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.