பதினேழாம் கல்

இரவு ஒன்றேகால் மணி. இரண்டு ஊர்களுக்கும் நடுவே போகும் தார்ச்சாலையில் ஒரே ஒரு சைக்கிள். கேரியரில் கட்டிய கடப்பாரை, பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் 'ணங்... ணங்' என்றது. ஓட்டிப் போனவர் என் நண்பனுடைய பெரியப்பா. நண்பனிடம் இதை ஒரே ஒரு தடவைதான் சொன்னாராம். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள்.

நில அளவை ஆபீசில் சங்கிலி பிடிப்பது அவர் வேலை. ஊரில் பெயரே சங்கிலி என்று ஆகிவிட்டது. முப்பது மீட்டர் இரும்புச் சங்கிலி, இரு முனையிலும் பித்தளைக் கைப்பிடி. பின்முனை இவர் கையில், முன்முனை அளவையர் கையில். அந்த அளவையர் இவருடைய அக்கா புருஷன். பதினெட்டு வருஷம் ஒரே டிபன் கேரியரில் சாப்பிட்டவர்கள். புதர் மறைக்கும் இடத்தில் தொண்டை கிழியக் கத்த முடியுமா? அதனால் இருவருக்குள் ஒரு ஏற்பாடு. ஒரு இழுப்பு என்றால் நில். இரண்டு என்றால் வா. மூன்று என்றால் முளை அடி.

அந்த வருஷம் மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தார்கள். மேட்டு ஊருக்கும் பள்ளத்து ஊருக்கும் ஏற்கெனவே ஏழாம் பொருத்தம். இப்போது ஆஸ்பத்திரி யாருக்கு என்று கடையடைப்பு, மறியல், மண்டை உடைப்பு. எல்லைக்கோடு ஆஸ்பத்திரி மதிலை ஒட்டிப் போனது. பதினேழாம் கல் இருந்த இடத்தில் இருந்தால் ஆஸ்பத்திரி பள்ளத்து ஊருக்கு. ஒரு சங்கிலி தூரம் தள்ளிப் போனால் மேட்டு ஊருக்கு. எந்த மாவட்டத்தில் விழுகிறதோ அந்த மாவட்டத்துக்காரருக்குத்தான் அங்கே இலவச வைத்தியம் என்று உத்தரவு.

சங்கிலி பள்ளத்து ஊர்க்காரர். அவர் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு நாள் அங்கேதான் டயாலிசிஸ். இவர் சங்கிலியோடு காடு மேடு சுற்றும் நாட்களில், அந்த அம்மாவை ஸ்கூட்டரில் கூட்டிப் போய், நாலு மணி நேரம் பெஞ்சில் காத்துக் கிடந்து கூட்டி வருவது அந்த மச்சான்தான். அப்பேர்ப்பட்ட மனிதரை யார் சந்தேகப்படுவார்கள்?

அன்று சாயங்காலம் மச்சான் வந்தார்.

"மாப்ள, நாளைக்குக் காலையில பெரிய ஆபீசர் கல்லப் பாக்க வர்றாரு. மேட்டு ஊர்க்காரனுங்க ராத்திரியே அதைப் பிடுங்கப் போறதாக் காதுல விழுந்துச்சு. நீ போய்க் காவல் இரு. கையில ஒரு கடப்பாரை இருக்கட்டும், சும்மா மிரட்ட. ரெண்டு மணிக்கு நான் சங்கிலியோட வர்றேன். ஒரு தடவை அளந்து பாத்துருவோம்."

"வீட்டுல சொல்லட்டுமா மச்சான்?"

"எதுக்கு? தங்கச்சி பயந்துக்கும்."

சங்கிலி போய்க் கல்லில் சாய்ந்து உட்கார்ந்தார். மை இருட்டு. காற்றில் பினாயில் வாடை. ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் ஓடும் சத்தம் கேட்டது. ஆனால் அந்தக் கல்லிலிருந்து எப்போதும் தெரியும் வாசல் விளக்கு தெரியவில்லை. தண்ணீர்த் தொட்டி மறைத்தது. இந்தத் தொட்டி எப்போது இங்கே வந்தது என்று நினைத்தார். தூக்கக் கலக்கம் என்று விட்டுவிட்டார்.

இரண்டு மணி. 'சல்... சல்...' என்று சங்கிலி மண்ணில் உராயும் சத்தம். மூக்கில் ஈரக் கரி நாற்றம். யாரோ அவர் உள்ளங்கையில் பித்தளைக் கைப்பிடியை வைத்தார்கள். ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்த மாதிரி சில்லென்று இருந்தது.

"மச்சான், டார்ச் எங்க?"

இரண்டு இழுப்பு. பழகிய கை, எழுந்து நடந்தார். காய்ந்த சருகு மிதிபடும் சத்தம் கேட்டது... ஒரே ஆளுடைய காலடி. அது அவருடையது.

முப்பது மீட்டர் நடந்திருப்பார். தொட்டி விலகியது. வாசல் விளக்கு பளிச்சென்று தெரிந்தது. அங்கே மூன்று இழுப்பு.

முளை இல்லை; கைப்பிடியை விடாமலே கடப்பாரையைக் குத்தி நெம்பினார். இரண்டு முழ ஆழத்தில் கரி. இதைக் கொஞ்சம் கேளுங்கள். எல்லைக்கல் நடும்போது அடியில் ஒரு கூடைக் கரி கொட்டிப் புதைப்பார்கள். கரி மக்காது. பின்னால் எவனாவது கல்லை நகர்த்தினாலும், தோண்டினால் நிஜ இடம் தெரிந்துவிடும். அந்த இரண்டு ஊரிலும் இது தெரிந்தவர்கள் இவர்கள் இருவர்தான்.

ஆக, கல் ஏற்கெனவே நகர்ந்துவிட்டது. நகர்த்தியவன் ஊர்க்காரன் இல்லை. எண் பொறித்த முகம் சரியான திசையைப் பார்க்க, நூல் பிடித்தாற்போல நட ஊர்க்காரனுக்குத் தெரியாது. சங்கிலிக்குப் பயமே வரவில்லை. அந்த ஸ்கூட்டரும், மனைவியின் மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மச்சானும் கண் முன்னால் வந்தார்கள்.

அப்போதுதான் ஏழெட்டு டார்ச் வெளிச்சம் அவர் முகத்தில் அடித்தது. மேட்டு ஊர்த் தலைவர், அவருடைய ஆட்கள், ஒரு போலீஸ்காரர். முன்னால் மச்சான். கல்லை நகர்த்திக் கொடுத்தால் புது மாவட்டத்தில் தலைமை அளவையர் நாற்காலி அவருக்குத்தான் என்று பேசி முடித்திருந்தார்கள்.

"சொன்னேன்ல சார்? கடப்பாரையும் கையுமா நிக்கிறான். இவனே கரியைக் கொண்டாந்து புதைச்சுட்டு, நாளைக்கு இதுதான் எல்லைம்பான்."

"மச்சான்... நீங்கதானே வரச் சொன்னீங்க. நீங்கதானே இப்ப அந்த முனையப் பிடிச்சு..."

"பத்து மணியிலேருந்து இவங்களோடதான் இருக்கேன்" என்றார் மச்சான், போலீஸ்காரரைப் பார்த்து.

போலீஸ்காரர் டார்ச்சைத் திருப்பினார். பெரியப்பாவின் கையிலிருந்து இரும்புச் சங்கிலி இடுப்பு உயரத்தில், விறைப்பாக, இருட்டுக்குள் போயிருந்தது.

"அப்ப அந்தப் பக்கம் யாருய்யா?"

மச்சான் சிரித்தார். "செடியில மாட்டியிருக்கும் சார். எடுத்துட்டு வர்றேன்."

சங்கிலியின் மேல் ஒரு கையை ஓட்டிக்கொண்டே டார்ச்சோடு நடந்தார். பத்து மீட்டர். இருபது. முப்பதில் சங்கிலி முடிய வேண்டும். முடியவில்லை. வெளிச்சம் போய்க்கொண்டே இருந்தது. பீடி நெருப்பு அளவுக்குச் சிறுத்தது. அணைந்தது.

எங்கோ ஆழத்திலிருந்து குரல் வந்தது.

"மாப்ள... இழுடா. என்னைப் பிடிச்சு இழு."

"இழுய்யா" என்றார் போலீஸ்காரர்.

சங்கிலி இரண்டு கையாலும் கைப்பிடியைப் பற்றினார். மச்சான் தன்னை 'இவன்' என்று சொன்னது காதிலேயே நின்றது. பதினெட்டு வருஷத்துக்கு அந்த ஒரு சொல்தானா?

விரல்களைத் திறந்தார். சங்கிலி சரசரவென்று இருட்டுக்குள் ஓடியது.

"கை வழுக்கிடுச்சு சார்" என்றார். எல்லோரும் நம்பினார்கள்.

விடிந்ததும் தேடினார்கள். இரும்புச் சங்கிலியும் இல்லை, மச்சானும் இல்லை. வெளியூரிலிருந்து வேறொரு அளவையர் வந்தார். கரி பாறை மாதிரி இறுகி, நடுவே வேர் ஓடியிருந்தது. நேற்றுப் புதைத்த கரியில் எப்படி வேர் ஓடும்? கல் பழைய இடத்துக்கே வந்தது, ஆஸ்பத்திரி பள்ளத்து ஊருக்குக் கிடைத்தது. சங்கிலியின் மனைவிக்கு ஒரு வாரம்கூட வைத்தியம் தவறவில்லை. அவருடைய வேலையும் போகவில்லை.

அக்கா மட்டும் வருவதை நிறுத்திவிட்டாள். எட்டு மாதம் கழித்து ஒரு நாள் சாயங்காலம் வந்து வாசற்படியிலேயே நின்றாள்.

"ராத்திரியில வந்து கூப்பிடுறாருடா."

"கதவத் திறக்காதக்கா."

"திறந்துட்டேன். உள்ள வாங்கன்னேன். என்னை யாருன்னே தெரியல. உன்னைத்தான் கேக்குறாரு. கை வழுக்கலையாமே?"

உள்ளே மனைவி அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"நேத்து உன் வீட்டுக்கு வழி கேட்டாரு" என்றாள் அக்கா. "சொல்லிட்டேன்."