காவலுக்கில்லை, துணைக்கு

– நாச்சிமுத்து ஐயா, இந்த ஆஸ்பத்திரி ரசீதெல்லாம் பாவாயின்னு ஒரு பேருல இருக்கே. உங்க அம்மாங்களா?

– நாய்ங்க, ஆடிட்டரம்மிணி.

– நாயா?

– வெள்ளை நெறத்து நாட்டு நாய்ங்க. ஆஸ்பத்திரின்னா மாட்டாஸ்பத்திரி. கிட்னி போச்சுன்னு டிரிப்ஸ் மேல டிரிப்ஸா ஏத்துனாங்க. ஊட்டுல இருக்கறவங்க வைத்தியச் செலவை வரியில கழிச்சுக் குடுப்பீங்களாமே, அதுல இவளையும் சேர்த்துப் போடோணும்.

– அதுல மனுசங்களைத்தான் சேர்க்க முடியும் ஐயா. வீட்ல வளர்க்கிற நாய், பூனைக்கெல்லாம் சலுகை கிடையாது.

– அவ எங்கீங்க ஊட்டுல வளந்தா? என் லாரியிலதானுங்க வளந்தா. நாமக்கல்லுல ஏறுனா நாக்பூர் வரைக்கும் கிளீனர் சீட்டு அவளுதுங்க.

– அதை மொதல்லயே சொல்ல வேண்டாமா! லாரிக்குக் காவல் நாய்னு போட்டுடலாம். தொழில் செலவுல வந்துடும்.

– காவலா? அவளா? நாக்பூர்ல ஒருத்தன் டீசலை உறிஞ்சிக்கிட்டுப் போறான், இவ என் மடியில தலைய வெச்சுக் கொறட்டை உடறாளுங்க.

– ஐயா, அதையெல்லாம் யாரு வந்து பார்க்கப் போறாங்க?

– பொய்யி வேண்டாமுங்க. ஒரு நாளும் அவளைக் காவலுக்குன்னு நான் வெச்சுக்கலீங்க. தொணைக்குத்தானுங்க. தொணைன்னே போடுங்க.

– அப்படிப் போட இடமில்லையே ஐயா. நான் என்ன பண்ணட்டும்?

– எங்கூட்டுக்காரி செத்த வருசம் எனக்குத் தூக்கமே இல்லீங்க. பொலம்பிக்கிட்டே வண்டி ஓட்டுவேன். அத்தனையும் கேட்டுக்கிட்டுப் பக்கத்துல உக்காந்திருந்தவ அவ ஒருத்திதானுங்க. அவளுக்குன்னு ஒரு வரி எழுத எடமில்லீங்களா?

– எனக்கே சங்கடமா இருக்குங்க ஐயா. சட்டம் அப்படி. போகுது விடுங்க. ரொம்ப முடியலையா அவளுக்கு? ஏதாச்சும் சாப்பிடறாளா?

– தயிர்ச்சோறு மட்டுந்தானுங்க எறங்குச்சு. அதுவும் நான் கையில ஊட்டுனாத்தான்.

– பாவம். எத்தனை நாளா இப்படி?

– பொங்கலுக்கு முந்தியே படுத்துட்டாளுங்க. ஆனா லாரிச் சத்தம் கேட்டா மட்டும் வாலை ஆட்டுவா.

– தேறிடுவா, பயப்படாதீங்க. கெளம்புங்க ஐயா, வீட்ல உங்களைத் தேடிட்டு இருப்பா.

– போன வெள்ளிக்கெழமையே பொதைச்சுட்டனுங்க சாமி. நாய் செத்தா துக்கங் கேக்க ஆரும் வர மாட்டாங்க. இங்க வந்தா நீங்களாச்சும் என்ன ஏதுன்னு கேப்பீங்கன்னுதான் வந்தேன்.