மூடுற பக்கம்

இல்ல மேடம், தண்ணி வேணாம். இருபத்திமூணு வருஷமா தண்ணியிலதான் இருக்கேன். இதை வெளிய சொன்னா எங்க வீட்டுக்காரர் வேற அர்த்தத்துல சிரிப்பாரு.

கையெழுத்துதானே, போடுறேன். அதுக்குத்தான் வந்தேன். ஆனா மூணாவது பக்கத்துல ஒரு வரி இருக்கு, அதுகிட்ட வந்தா பேனா நின்னுடுது. அதைச் சொல்றதுக்குள்ள கொஞ்சம் சுத்தி வளைச்சுப் பேசுவேன், பொறுத்துக்கங்க. நடுவுல அடுத்தவங்க குரல்லயும் பேசுவேன். அது ஒரு வியாதி. ஆபீஸ்ல ஒருத்தர் விடாம எல்லாரையும் செஞ்சு காட்டியிருக்கேன். உங்க குரல் இன்னும் பிடிபடல, பயப்படாதீங்க.

விசாரிக்க வந்திருக்கீங்க, எல்லாம் படிச்சிருப்பீங்க. பெரிய பைப்புக்குள்ள இறங்கி வேலை செஞ்ச வெல்டர் தண்ணி வந்து செத்துட்டாரு. வால்வை மூடப் போன வால்வு அண்ணன் தப்பான பக்கம் திருப்பித் திறந்துவிட்டுட்டாரு. அறிக்கை அவ்வளவுதான். இன்ஜினியர்னு நான் கையெழுத்து போட்டா அவருக்கு வேலை போகும், பென்ஷன் போகும், ஜெயிலுக்கும் போவாரு. ஆமா, தெரிஞ்சுதான் பேனாவைக் கையில வச்சிருக்கேன்.

நான் சேர்ந்தப்போ இங்க சிவில் இன்ஜினியர்ல பொம்பளை நான் ஒருத்திதான். அப்ப இருந்த சீஃப் மூக்காலயே பேசுவாரு. ஏம்மா, மேன்ஹோல்ல எல்லாம் இறங்கிடுவியா? இறங்குறது கஷ்டமில்ல சார், ஏறி வர்றப்ப மேல நின்னு எட்டிப் பாக்குறாங்களே, அவங்கதான் கஷ்டம்னேன். சிரிக்கலாம் மேடம், தப்பில்ல. அவரு சிரிக்கல.

மூணே மாசத்துல பேரு வச்சுட்டாங்க. குழாயடி. பொம்பளைய பைப் வேலைக்கு எடுத்தாச்சுல்ல, சண்டை பின்னாலயே வந்துடும்னு ஒரு கணக்கு. சைட்ல பாத்ரூம் கிடையாது. ஊருக்கு ஒரு நாளைக்கு நாலு கோடி லிட்டர் அனுப்புவேன், எனக்கு ஒரு டம்ளர் குடிக்க யோசிப்பேன். கிட்னியில ரெண்டு தடவை கல்லு.

அதெல்லாம்கூட பரவாயில்ல. முதல் வருஷம் ஒரு மீட்டிங்ல ஏதோ ஒரு டேங்க்கோட லெவல் கேட்டாங்க. இருங்க சார், பாத்துச் சொல்றேன்னேன். அவ்வளவுதான். ஒருத்தர், தகர டப்பாவுல கல்லு போட்ட மாதிரி குரல், வீட்டுல கேட்டுட்டு வந்து சொல்வாங்க, விடுங்கங்கிறாரு. ரூமே சிரிச்சுது. அடுத்த நிமிஷம் பக்கத்துல இருந்தவரைக் கேட்டாங்க. அவரும் பாத்துச் சொல்றேன்னாரு. நிதானமான ஆளுன்னு பேரு வாங்கிட்டாரு.

பாத்துச் சொல்றேங்கிற வார்த்தைய அன்னையோட நிறுத்திட்டேன். அப்புறம் எல்லாமே மனப்பாடம். எந்தத் தெருவுல எந்தப் பைப்பு, என்ன ஆழம், என்ன வயசு, எதைக் கேட்டாலும் டக்குன்னு சொல்வேன். சந்தேகம் இருந்தாலும் டக்குன்னுதான். மூணு ப்ரமோஷனும் அதுல வந்ததுதான்னு வச்சுக்கங்களேன். உங்களுக்குத் தெரியாதா, நீங்களும் அந்த மாதிரி ரூம்லதானே உக்காந்திருக்கீங்க.

வால்வு அண்ணனா? அவர் ஒருத்தர்தான் என்னைக் குழாயடின்னு கூப்பிடாதவரு. ஆள் உயர இரும்புச் சாவியத் தோள்ல போட்டுக்கிட்டு வருவாரு, வாங்க தங்கச்சின்னு. அதிகாரிய அப்படிக் கூப்பிடக்கூடாதுன்னு சீஃப் சத்தம் போட்டாரு. மறுநாள்லருந்து வாங்க மேடம் தங்கச்சி.

சரி, வால்வுக்கு வரேன். பழைய வால்வு வலது பக்கம் திருப்பினா மூடும், வீட்டுக் குழாய் மாதிரி. போன வருஷம் புதுசா பதினொண்ணு வந்துச்சு, வேற கம்பெனி, அது தலைகீழ். இடது பக்கம் திருப்பினாத்தான் மூடும். எது புதுசு எது பழசுன்னு ஒரு ரிஜிஸ்டர் இருக்கு. நான் எழுதினது, என் அலமாரியில இருக்கு.

அன்னைக்குக் காலை ஷிப்ட் ஆளு வால்வை மூடிட்டு, பைப்பை வடிச்சுட்டு வீட்டுக்குப் போயாச்சு. வெல்டர் உள்ள இறங்கினாரு. முப்பது வயசு. பைப்புக்குள்ள நல்லா எதிரொலிக்குதுன்னு பாடிக்கிட்டே வேலை செய்வாரு, தாளம் மட்டும் சேரவே சேராது. அவரு சம்சாரம் அப்புறம் என்கிட்ட கேட்டது ஒண்ணுதான். உள்ள இருட்டா இருக்குமான்னு. லைட் இருந்துச்சும்மான்னேன்.

மத்தியானம் அண்ணன் டியூட்டிக்கு வந்தாரு. வால்வு சரியா உக்காரல, காலடியில தண்ணி ஓடுது, வெல்டிங் பிடிக்கலன்னு உள்ளயிருந்து சொல்லி அனுப்பியிருக்காங்க. கொஞ்சம் இறுக்கினாப் போதும். ஆனா குழி முழுக்கச் சேறு, வால்வு தலையில மூடுற பக்கத்தைக் காட்டுற அம்புக்குறி தெரியல. குத்துமதிப்பா கை வைக்கிற ஆளு இல்ல அவரு. போன் பண்ணினாரு.

எனக்குத்தான் மேடம். வேற யாருக்குப் பண்ணுவாரு?

ரிவியூ மீட்டிங். சுத்தி பத்து பேரு, நான் நின்னு பேசிக்கிட்டிருக்கேன். மேடம் தங்கச்சி, ஏழாம் நம்பரு புதுசா பழசா, எந்தப் பக்கம் மூடணும்? ரிஜிஸ்டர் மாடியில இருக்கு. போய்ப் பாத்துட்டு வர அஞ்சு நிமிஷம் ஆகும். இருங்கண்ணே, பாத்துச் சொல்றேன். நாக்கு வரைக்கும் வந்துச்சு. பத்து பேரும் என் வாயையே பாக்குறாங்க. பழசுதாண்ணே, வலது பக்கம்னேன். கணீர்னு.

இப்ப இருக்குற சீஃப் செருமிட்டுத்தான் ஆரம்பிப்பாரு. ம்ஹ்ம், பாத்தீங்களா, நம்ம மேடம் எல்லாத்தையும் விரல் நுனியில வச்சிருக்காங்க. ரெண்டு பேரு கை தட்டினாங்க. நான் தேங்க்யூ சார்னேன்.

அங்க அண்ணன் வலது பக்கம் ஒரு சுத்து சுத்தியிருக்காரு. ஏழாம் நம்பர் புதுசு மேடம், கசிவு கூடிச்சு. இன்னும் உக்காரல போலன்னு இன்னும் ரெண்டு சுத்து. நான் சொன்னது தப்பா இருக்கும்னு அவருக்குத் தோணவே இல்ல. எப்படித் தோணும்?

இப்ப அந்த மூணாவது பக்கத்தைப் படிங்க. பொறியாளர் உரிய அறிவுறுத்தல் வழங்கியும், பணியாளர் கவனக்குறைவாக. சீஃப் எனக்காகச் சேர்த்த வரி. பெரிய மனசு. கீழ பத்து கையெழுத்து இருக்கு பாருங்க, அந்த ரூம்ல இருந்த அதே பத்து பேருதான். எல்லார் காதுலயும் விழுந்துச்சு மேடம். கை தட்டினாங்கன்னு சொன்னேன்ல.

எது? ஓ, அவரே ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்த கடிதம் ஃபைல்ல இருக்குங்கிறீங்களா? அது நான் எழுதினது. அவருக்கு அவ்வளவு கோர்வையா எழுத வராது. நான் எழுதிக் குடுத்தேன், அவரு பாத்து எழுதினாரு. பிணவறைக்கு வெளிய ஒரு பெஞ்சு இருக்கும், அதுல வச்சு. போன் விஷயம் வேணாம்ணே, உங்க வேலை போகாம நான் பாத்துக்கறேன்னேன். சரி தங்கச்சின்னாரு.

இதெல்லாம் எழுதிக்கங்க மேடம், ஏன் நிறுத்திட்டீங்க? அவரு வெளியதான் உக்காந்திருக்காரு. யாரு கேட்டாலும் வாயத் திறக்காதீங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். நீங்க எதைக் கேட்டாலும் அவரு முதல்ல என் முகத்தைத்தான் பாப்பாரு, சொல்லலாமான்னு. அதனால அவரைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி என்னை அந்தப் பக்கத்துக் கதவு வழியா அனுப்பிடுங்க.