சனிக்கிழமைக்கு எந்தச் சாமி?

கருட சேவை அன்று விடியற்காலை. பஸ் ஸ்டாப்பில் எனக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். வேட்டி கட்டி, கையில் துளசி மாலையோடு இருந்தவர் தாலுகா ஆபீஸ்காரர். கம்பெனி யூனிஃபார்மில் இருந்தவர் அவருடைய தங்கச்சி புருஷன்.

"சாமி வர்ற நேரத்துல வேலைக்குப் போறியே மாப்ள, லீவு போட வேண்டியதுதானே?"

"போட்டா இந்த மாசம் போனஸ் போயிடும் மச்சான். உனக்கு இன்னா, கலெக்டரே லீவு வுட்டு சாமி கும்பிடச் சொல்லிட்டாரு."

"சும்மாவா வுட்டாரு? உள்ளூர் லீவுக்குப் பதிலா ஒரு சனிக்கிழமை ஆபீஸ் வரணும். அது எவ்ளோ கஷ்டம், உனக்குத் தெரியாதுப்பா."

தெருக்கோடியில் சாமியின் குடைகள் மட்டும் தெரிந்தன. அதற்குள் கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடித்தது. மாப்பிள்ளை அவசரமாக ஷூவைக் கழற்றினார், குடைகளைப் பார்த்தே கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறியவர், படியில் நின்று திரும்பினார்.

"நாங்க எல்லா சனிக்கிழமையும் வேலைக்குப் போய்க்கினுதானே இருக்கோம். அதெல்லாம் எந்தச் சாமிக்குப் பதிலு மச்சான்?"