மாற்றி வைத்த கம்பி

டீ வேண்டாம் சார், தண்ணீர் போதும். எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். பதினாறு மாதமாக யாரிடமும் சொன்னதில்லை.

மின் நிலைய டர்பைனுக்கு நிக்கல் கலவையில் பிளேடு வார்க்கும் ஆலையில், உலையும் சோதனைக்கூடமும் என் பொறுப்பு. அந்த உலோகத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத பொடிக் கட்டிகள் நெருக்கமாகப் பதிந்திருக்கும். பலமெல்லாம் அவற்றில்தான். சட்டென்று ஆறவைத்தால் பொடியாகவே நிற்கும்; மெல்ல ஆறினால் ஒன்றோடொன்று சேர்ந்து பருத்துவிடும். பிறகு அனலில் தாங்காது.

அன்று ஆறவைக்கும் விசிறியைப் போட மறந்துவிட்டேன். தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கட்டிகள் கொழுத்துக் கிடந்தன. அந்தத் தொகுதி பிளேடுகளோடு சேர்த்து வார்த்த சோதனைக் கம்பியைச் சூட்டில் வைத்து இழுத்தேன். நூறு மணி நேரம் தாங்க வேண்டியது முப்பத்தொன்றில் அறுந்தது.

மேலாளரிடம் சொல்லத்தான் போனேன். உள்ளே யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். வாசலோடு நின்றுவிட்டேன். திரும்பி வந்து, பழைய நல்ல கம்பி ஒன்றில் இந்தத் தொகுதி எண்ணைப் பொறித்துச் சோதனைக்கு வைத்தேன். நூற்றுப் பன்னிரண்டு மணி நேரம் தாங்கியது. கையெழுத்துப் போட்டேன்.

பிளேடுகள் போன இடம் பிறகுதான் தெரிந்தது: தங்கை கணவர் வேலை பார்க்கும் மின் நிலையம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். டர்பைனில் பொருத்திய நாளிலிருந்து ஓராண்டு தாங்கும், பதினான்காம் மாதத்தைத் தாண்டாது. அதன்பின் போன் அடித்தாலே தூக்கிவாரிப்போடும்.

சென்ற வாரம் அவரே கூப்பிட்டார். "டர்பைன்ல லேசா அதிர்வு இருக்கு மச்சான்."

"மாப்ள, நாளையிலேர்ந்து லீவு போடுங்க. தங்கச்சியைக் கூட்டிட்டு இங்க வந்துடுங்க."

"திடீர்னு எப்படி? என் எடத்துக்கு ஆள் வேணுமே."

"யாரையாவது கேட்டுப் பாருங்க."

"ஒருத்தன் இருக்கான், போன மாசம்தான் குழந்தை பொறந்துச்சு. பாவம், நான் கேட்டா மாட்டேன்னு சொல்ல மாட்டான். அவனை நிக்கச் சொல்லவா?"

"சொல்லுங்க" என்றேன்.

மூன்றாம் நாள் பிளேடு முறிந்து டர்பைனின் உறையையே கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. மாப்பிள்ளை இடத்தில் நின்றவனோடு இன்னும் இரண்டு பேர் செத்தார்கள். மாப்பிள்ளை என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து டிவியில் பார்த்தார். பிறகு மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு எப்படி மச்சான் தெரியும்?"

நான் டிவியை அணைத்தேன். தங்கை எழுந்து அவர் பின்னால் நகர்ந்து நின்றாள்.

அவர்தான் போலீஸுக்கு வந்து உங்களிடம் சொல்லியிருப்பார். எனக்குக் கோபமில்லை. எழுதிக்கொள்ளுங்கள்: கம்பியை மாற்றியது நான்தான். ஆனால் நான் யாரையும் சாவுக்கு அனுப்பவில்லை சார். ஒருவரைக் காப்பாற்றினேன். மற்ற மூன்று பேரும் வழக்கம்போல வேலைக்குப் போனார்கள், அவ்வளவுதான்.